ஹார்பர் சங்கு

ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் பழைய வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஹார்பர் கிரேன்கள் தெரியும். சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா வரும் கப்பலை நானும் தங்கச்சியும் அங்கிருந்துதான் தேடுவோம். எம்.வி. சிதம்பரம். பிரெஞ்சுக்காரர்களுக்காகக் கட்டிய கப்பல். இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி 1970களில் சிங்கப்பூருக்கு விட்டது. அதற்கு முன்னால் ஓடிய ரஜூலா 1926இல் கட்டியது. தாத்தா அதில் டெக் டிக்கெட்டில், பாய் விரித்துப் படுத்துப் போனவர். பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும்.

பெரியப்பா மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். இறங்கினால் ரிக்‌ஷாவில் கொஞ்ச நேரத்தில் வீடு. பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைலம் தெருவுக்கே மணக்கும். வீட்டு வாசலில் வந்து இறங்குகிற மாதிரி வந்தவர்தான். ஆனால் பாட்டி இறந்தபோது தந்தி கிடைத்து, கப்பல் பிடித்து அவர் வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிட்டது. மாலை போட்ட படத்தின் முன்னால் பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் நின்றார்.

1985 பிப்ரவரியில் நடுக்கடலில் சிதம்பரம் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தப் பயணிகள் கப்பலும் நின்றது.

1995இல் நான் சிங்கப்பூருக்கு விமானத்தில் போனேன். ஐ.டி.ஐ. வெல்டர், ஸ்கில் டெஸ்ட் அடித்துக் கப்பல் பட்டறை வேலை. அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி ஏஜென்ட் கைக்குப் போனது. வட்டிக்கு வாங்கியதும் சேர்ந்து, முதல் வருஷச் சம்பளம் எனக்கில்லை. ஆனாலும் அந்த ஊர் கொடுத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெல்ட் மாட்டாமல் உயரத்தில் ஏறாதே என்று எனக்கு முதலில் சொன்னது அங்கேதான். பக்கத்துக் கட்டிலில் இருந்த வங்கதேசத்துக்காரர் மீன் குழம்பு வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைப்பார். தங்கச்சி கல்யாணமும் திருவொற்றியூரில் இப்போது நாங்கள் இருக்கும் வீடும் அந்தச் சிங்கப்பூர் வெள்ளியில் வந்தவை.

அம்மாவுக்கு எழுத வராது. கேசட்டில் பேசி அனுப்புவாள். “சாப்டியா கண்ணு” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல இடம் விடுவதுபோலக் கொஞ்சம் நிறுத்துவாள். அந்த இடைவெளியில் ஒருமுறை ஹார்பர் சங்கு ஊதியது. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி, டேப்பே தேய்ந்துபோனது.

இப்போது மகன் அபுதாபியில் பைப் ஃபிட்டர். எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து கார்கள் கப்பலேறுகின்றன. ஆட்கள் மீனம்பாக்கம்தான் போக வேண்டும். 2021இல் விம்கோ நகர்வரை வந்துவிட்ட மெட்ரோ, தேரடியில் ஏற்றி விமான நிலையத்திலேயே விடுகிறது. அங்கிருந்து அபுதாபிக்கு நாலு மணி நேரம். தினமும் வீடியோவில் பேசுகிறான். அவன் அம்மா போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு சமைக்கிறாள். போன மாசம் பூராவும் முகத்தை மட்டுமே காட்டினான். இடது கையில் நாலு தையல் போட்டிருந்தது கூட வேலை செய்கிற பையன் சொல்லித்தான் தெரிந்தது. நானும் அந்த நாளில் தீக்காயத்தைக் கடிதத்தில் எழுதியவனில்லை. அதனால் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்துத் தெருவில் போன வாரம் ஒரு பையனுக்காக வீட்டை அடமானம் வைக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். தாத்தா காலத்துக் கப்பல் போய்விட்டது, கடன் போகவில்லை. 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, ஏஜென்ட் என்றால் பதிவு பெற்றவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பலாம். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கும் அதற்கான ஜிஎஸ்டிக்கும் மேல் அவர் வாங்கக் கூடாது. யாருக்குப் பதிவு இருக்கிறது என்பது அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. சங்கிலியைக் கழற்றுவதற்கு முன்னால் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள் அம்மா.