பயன் என்னப்பா?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜனவரியில் கூடும் கணிதக் கூட்டு மாநாட்டில் இளங்கலை மாணவர்களுக்கென்று ஒரு சுவரொட்டி அரங்கு உண்டு. கோடை விடுமுறையில், பெரும்பாலும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் செலவில் செய்த ஆய்வை அங்கே ஒட்டிவிட்டு, பக்கத்தில் புதுக்கோட்டோடு நிற்க வேண்டும். வருகிறவர் தேற்றத்தைப் படிக்கமாட்டார், “இதனால் என்ன பயன்?” என்பார்.

புள்ளியியல் பிள்ளைகள் பிழைத்தார்கள். கூடைப்பந்து, தேர்தல் என்று எதையாவது கைகாட்டலாம். எண்கணிதக்காரர் ‘குறியாக்கம்’ என்பார். முடிச்சுக் கோட்பாட்டுக்காரர் ‘டி.என்.ஏ.’ என்பார்.

கோட்டுருவியல்காரர் பாடுதான் திண்டாட்டம். மரம்போல் கிளைத்த கோட்டுருவின் முனைகளுக்கு 0 முதல் கிளைகளின் எண்ணிக்கை வரை வெவ்வேறு எண்களைக் கொடுத்து, கிளைதோறும் அதன் இரு முனை எண்களுக்கிடையே வெவ்வேறு வித்தியாசம் வரச் செய்ய வேண்டும். எல்லா மரத்துக்கும் இது முடியுமா என்பது 1967-இல் அலெக்சாண்டர் ரோசாவின் கட்டுரையோடு கிளம்பிய கேள்வி. இன்னும் விடை இல்லை. ஆகவே ஒவ்வொரு வகை மரமாகச் சில்லறை வியாபாரம்தான். ‘கம்பளிப்பூச்சி’ மரம் அன்றே அகப்பட்டது. ‘சிங்கி இறால்’ மரம் இன்றும் முழுசாய் வலையில் விழவில்லை. (பெயர்கள் நம் கற்பனை அல்ல, ‘வாழை’, ‘பட்டாசு’கூட உண்டு.)

மாட்டாத இறாலெல்லாம் சுவரொட்டியின் வலது கீழ்மூலையில், ‘வருங்கால ஆய்வு’ என்ற தலைப்பில் நீந்திக்கொண்டிருக்கும்.