இன்னும் அரைச் சுற்று

வெல்லம் காய்ச்சும் கொட்டகையை ஒருமுறையாவது எட்டிப் பார்த்தவர்களுக்கு டர்போவை நான் விளக்க வேண்டியதில்லை. கரும்பைப் பிழிந்து மிஞ்சிய சக்கையைக் காயப்போட்டு, அதையே கொப்பரைக்கு அடியில் எரித்து, அதே கரும்பின் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். அடுப்புக்குத் தனியாக விறகுச் செலவு கிடையாது. நம் ஊர் வெல்லக்காரர் யாரும் இதற்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டதாகத் தெரியவில்லை. 1905 நவம்பரில் சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் போட்டார்.

அவர் பெயர் ஆல்ஃப்ரெட் பூஹி. வயது 26. எஞ்சினுக்குள் ஊற்றுகிற எரிபொருளின் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடான புகையாக ஊரைவிட்டே ஓடிப்போகிறது என்பது அவர் மனத்தை உறுத்தியிருக்கிறது. சிக்கனக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்திருக்க வேண்டும். அந்தப் புகை போகிற வழியில் ஒரு சக்கரம், அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். புகை முதலாவதைச் சுழற்றும். இரண்டாவது காற்றை அமுக்கி எஞ்சினின் வாயில் திணிக்கும். இதுதான் டர்போ. காற்று கூடினால் எரிபொருளைக் கூட்டலாம், எரிபொருள் கூடினால் பலம் கூடும், பலம் கூடினால் புகையும் கூடும், புகை கூடினால்... இந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி இல்லை என்பதுதான் பின்னால் நடந்த அத்தனை கூத்துக்கும் காரணம்.

உலகம் உடனே கைதட்டிவிடவில்லை. 1920களின் நடுவில் ஜெர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களில் பூஹியின் ஏற்பாட்டைப் பொருத்தினார்கள். 1,750 குதிரைசக்தி தந்துகொண்டிருந்த டீசல் எஞ்சின் 2,500 தந்தது. அதற்கு முன்பே, 1918இல், சான்ஃபர்ட் மாஸ் என்ற அமெரிக்கர் ஒரு விமான எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு, 14,000 அடிக்கு மேல், போய்விட்டார். மலை ஏறினால் எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். தரையில் 350 குதிரையாக இருந்தது உச்சியில் 230 ஆகச் சுருங்கியது. டர்போவை மாட்டியதும் 350ஐத் தாண்டிவிட்டது. காற்று இல்லாத இடத்தில் காற்றைக் கொடுப்பது தர்மம். காற்று தாராளமாகக் கிடைக்கும் கலிஃபோர்னியாவில் மோட்டார் சைக்கிளுக்கு அதைக் கொடுப்பது எந்தக் கணக்கில் வரும்?

அங்கே போகும் முன் ஒரு பாட்டில் கதை. 1962இல் ஓல்ட்ஸ்மொபில் கம்பெனி ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்றது. காற்றை அமுக்கினால் அது சூடாகும். சூடான கலவை சுடர் தீண்டுவதற்கு முன்பே தன்னிஷ்டத்துக்கு வெடிக்கும். அதைக் குளிரவைக்க ஒரு திரவத்தைச் சிறிது சிறிதாக உள்ளே தெளிக்க ஏற்பாடு. அந்தத் திரவத்தின் பெயர் டர்போ ராக்கெட் ஃப்ளூயிட். திறந்து பார்த்தால், காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும், கூடவே துருப்பிடிக்காமலிருக்க ஏதோ ஒரு சொட்டு. பாட்டில் காலியானால் கார் தானாகவே அடங்கி, வாடகைக் குதிரை மாதிரி நடக்கும். வாங்கியவர்கள் பாட்டிலை நிரப்ப மறந்தார்கள். கார் ஓடவில்லை என்று திட்ட மட்டும் மறக்கவில்லை. கடைசியில் கம்பெனியே வண்டிகளைக் கூப்பிட்டு, டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்தி அனுப்பியது.

இந்தப் பாடத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மனிதன் இரண்டு சக்கரத்தில் டர்போ வைத்தான்.

1978. கவாஸாகியின் இசட்1ஆர், 1,015 சிசி, நான்கு சிலிண்டர், முகத்தில் அழகான ஒரு முகமூடி. ஆனால் அமெரிக்காவில் எதிர்பார்த்த வேகத்தில் விலைபோகவில்லை. கரை சேராத பெண்ணுக்கு நகை கூட்டுவது போல, கவாஸாகியில் முன்பு அதிகாரியாக இருந்த ஆலன் மாசெக் என்பவர் அந்த வண்டிகளுக்கு டர்போ பூட்டினார். பெயர் இசட்1ஆர்-டிசி. அடுத்த ஆண்டும் சேர்த்து மொத்தம் சுமார் 500 வண்டிகள். 90 குதிரை வண்டி 130 குதிரையானது. கவாஸாகி ஷோரூமிலேயே விற்றார்கள். பெட்ரோல் டாங்கில் கவாஸாகி என்றே எழுதியிருந்தது. வாங்குகிறவர் மட்டும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: வாரண்டி எதுவும் எனக்கு வேண்டாம். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வாங்குவார்களே, அந்த மாதிரிக் கையெழுத்து. வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே நோயாளி சிரித்துக்கொண்டே போட்டார்.

உள்ளே என்ன மாற்றினார்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை. பழைய பிஸ்டன், பழைய கிளட்ச், பழைய கிராங்க் ஷாஃப்ட். அந்த கிராங்க் ஒரே இரும்பில் அடித்ததல்ல. துண்டு துண்டாகச் செய்து அழுத்திச் சேர்த்தது. சாதாரண வண்டிக்கு ஆயுசுக்கும் போதும். 130 குதிரை வந்து முறுக்கினால் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று லேசாகத் திரும்பிக்கொள்ளும். திரும்பியபின் எந்த சிலிண்டர் எப்போது வெடிக்க வேண்டும் என்பதில் நால்வருக்குள் கருத்து வேறுபாடு.

சரி, அளவோடு ஓட்டினால்? அளவுக்கென்றே ஒரு கருவி இருந்தது. வேஸ்ட்கேட் என்பார்கள். குக்கர் வெயிட் செய்கிற வேலையைச் செய்வது. காற்றழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால், ஸ்பிரிங் அமுங்கி, புகையை டர்போ பக்கம் விடாமல் வெளியே திருப்பிவிடும். ஆறு, எட்டு பிஎஸ்ஐ என்று வைத்திருந்தார்கள். அந்த ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்ற ஒரு திருகாணி. அதையும் வெளியே, ஸ்பானர் எட்டுகிற இடத்தில் வைத்திருந்தார்கள். குழந்தை தூங்கும் தொட்டிலுக்குப் பக்கத்தில் நாதஸ்வரத்தை வைத்துவிட்டு, ஊதாதே என்று சொன்ன கதை.

இனி நம் கதாநாயகரைப் பார்ப்போம். அவருக்குப் பெயர் வேண்டாம். 70களின் கடைசியில் அமெரிக்காவில் தெருவுக்கு ஒருவர் இருந்தார். ஷோரூம் வண்டிக்குக் காசில்லை. பழைய நான்கு சிலிண்டர் வண்டி ஒன்றும், பெட்டியில் வந்த டர்போ கிட் ஒன்றும், வீட்டுப் பின்புறம் ஒரு ஷெட்டும் இருந்தன. தபாலில் வந்த விளக்கப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த எச்சரிக்கைகளை, சோப்புக் காகிதத்துக்குக் கொடுக்கும் மரியாதையோடு தள்ளி வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

நான்கு கார்புரேட்டரையும் கழற்றி எறிந்துவிட்டு, டர்போவுக்கு முன்னால் ஒரே ஒரு பெரிய கார்புரேட்டர். பெட்ரோல் டர்போவுக்குள் நுழைந்து, சுழன்று, நீளமான குழாயில் ஊர்ந்து, நான்காகப் பிரிந்து எஞ்சினை அடையவேண்டும். குளிர்காலக் காலையில் பாதிப் பெட்ரோல் குழாய்ச் சுவரிலேயே வியர்வையாக ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். ஆக்ஸிலேட்டரைத் திடீரென மூடினால், உறிஞ்சும் வேகத்தில் டர்போவின் சீல் வழியாக எஞ்சின் ஆயிலும் கூடவே வந்துவிடும். பின்னால் வருகிறவருக்கு நீலப் புகையில் கொசு மருந்து அடித்தாற்போல் இருக்கும்.

முறுக்கினால் உடனே பாயாது. கல்யாணப் பந்தியில் சாம்பார் கேட்டால், ரசம் ஊற்றி முடித்தபின் சாம்பார் வாளி ஓடிவருமே, அந்தத் தாமதம். நேர்ச்சாலையில் முறுக்குவார்; ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் காணோமே என்று இன்னும் முறுக்குவார். வளைவு வரும். கேட்ட 40 குதிரையும் அப்போது ஒன்றாக வந்து சேரும்.

டியூனிங் என்பது, மிச்சமெல்லாம் உடைகிற வரிசை. முதலில் கிளட்ச் வழுக்கும்: எஞ்சின் அலறும், வண்டி நிதானமாகப் போகும். கடினமான ஸ்பிரிங் போடுவார். கிளட்ச் பிடித்துக்கொண்டதும் பாரம் கிராங்குக்கு மாறும். அதை வெல்டிங் செய்வார். கிராங்க் தேறியதும் ஹெட் கேஸ்கெட் ஊதிப் போகும். அதைச் செப்புத் தகட்டில் செய்து போட்டால், பிஸ்டன் முறை. ஒரு பல்லைப் பிடுங்கினால் பக்கத்துப் பல் வலிக்கிற சங்கதி. காலம் முழுக்க இவருக்கு ஒரு சந்தேகம் உண்டு: வண்டியில் இன்னும் எந்தப் பாகம் கம்பெனி கொடுத்தது?

பிஸ்டனைக் காக்க ஒரு வழி இருக்கிறது. சிலிண்டருக்கு அடியில் கொஞ்சம் கனமான தகடு வைத்து, எஞ்சினின் அமுக்கத்தையே குறைப்பது. குறைத்தார். இப்போது டர்போ விழிக்கும்வரை வண்டி பால்காரர் சைக்கிளோடு போட்டி போட்டது. இழந்ததை ஈடுகட்ட என்ன செய்வது? திருகாணி இருக்கவே இருக்கிறது. இன்னும் அரைச் சுற்று.

காற்று கூடினால் பெட்ரோலும் கூடவேண்டும் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. நூலளவு துரப்பண ஊசியால் கார்புரேட்டர் ஜெட்டைப் பெரிதாக்குவார், ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டுவார், சட்டென்று எஞ்சினை அணைத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். காப்பிப் பொடி நிறம் என்றால் அமோகம். வெளுத்திருந்தால் ஆபத்து. வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுப் பொடி தூவினாற்போல் மினுமினுப்பான புள்ளிகள் தெரிந்தால், அவை பிஸ்டனிலிருந்து உருகிக் கிளம்பி வந்த அலுமினியத் துளிகள். ஜோசியமே வேண்டாம், பிஸ்டன் கைப்பட எழுதிய ராஜினாமாக் கடிதம். அதையும் துடைத்து மாட்டிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழிதானே என்று மெதுவாகக் கிளம்புவார். மூன்றாவது கியரில் ஒரே ஒரு முறுக்கு. பிஸ்டனின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவு பொத்தல். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது எத்தனை மைல் என்பதை மனைவியிடம் மட்டும் சொல்லமாட்டார்.

இந்த ரகளையை ஜப்பான் பார்த்துக்கொண்டிருந்தது. 1982இல் ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போ வந்தது. இரண்டே சிலிண்டர், புகை விட்டுவிட்டு வரும் என்பதால் டர்போவுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத ஜாதகம். ஆனாலும் கம்ப்யூட்டர் வைத்து, பெட்ரோலை ஊசியால் பீய்ச்சி, 497 சிசியில் 82 குதிரையை வரவழைத்துவிட்டார்கள். யமஹாவின் எக்ஸ்ஜே650 டர்போவை ஷான் கானரி 1983 படம் ஒன்றில் ஜேம்ஸ் பாண்டாக ஓட்டினார். சுஸுகி தன் வண்டிக்குக் குதிரை எண்ணிக்கையையே எக்ஸ்என்85 என்று பெயராக வைத்துவிட்டது. கவாஸாகியோ பழைய பாவத்துக்குப் பரிகாரம் போல, ஜிபிஇசட்750இல் டர்போவை எஞ்சினுக்கு முன்னால், புகை வெளிவரும் வாசலிலேயே பொருத்தியது. சாம்பார் வாளியைப் பந்திக்குப் பக்கத்திலேயே வைத்தாயிற்று. 112 குதிரை. நான்கில் என் ஓட்டு அதற்குத்தான்.

அதே 1983இல், ஹார்லி டேவிட்சன் அழுத அழுகைக்கு மனம் இரங்கிய ரீகன் அரசு, 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கு வரியை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 ஆக்கியது. சின்ன எஞ்சினிலேயே பெரிய வண்டியின் பலம் வேண்டுமா, இதோ டர்போ என்று விற்க இதைவிட நல்ல முகூர்த்தம் கிடையாது. இருந்தும் விற்கவில்லை. கனம், விலை, இன்சூரன்ஸ், ஏதாவது பழுதானால் தலையைச் சொறியும் மெக்கானிக். 1984இல் கவாஸாகியே 908 சிசியில் ஜிபிஇசட்900ஆரை இறக்கியது. டர்போ இல்லாமலே அது டர்போக்காரர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அடுத்த ஓரிரு வருஷத்தில் நான்கு கடையும் மூடியாகிவிட்டது.

நம் ஷெட்காரருக்கு இந்தச் செய்தி எட்டவில்லை. எட்டியிருந்தாலும், யாரும் சீந்தாத பழைய டர்போ இனி மலிவாகக் கிடைக்கும் என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும். கம்பெனி வண்டிகளில் திருகாணியைக் கைக்கு எட்டாமல் ஒளித்துவைத்திருந்தார்கள். அதற்கும் வழி கண்டார். அழுத்தம் இவ்வளவு என்று வேஸ்ட்கேட்டுக்குத் தகவல் சொல்கிற சின்ன ரப்பர் குழாய் ஒன்று உண்டு. அதன் நடுவே ஒரு வால்வை வைத்துக் கொஞ்சம் காற்றைக் கசியவிட்டால் தகவல் குறைத்துப் போகும். வேஸ்ட்கேட் ஏமாந்து கதவைச் சாத்தியே வைத்திருக்கும். அந்த வால்வு மோட்டார் கடையில் கிடைக்காது. வண்ண மீன் விற்கிற கடையில், தொட்டிக்குள் காற்றுக் குமிழி விடுகிற குழாய்க்கென்று சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

"என்ன மீன் வளர்க்கறீங்க?" என்று கடைக்காரர் கேட்பார். கையெல்லாம் கிரீஸோடு நிற்கிற நம்மவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "போன தடவை வளர்த்ததெல்லாம் செத்துப் போச்சுங்க" என்பார்.