சர்வர் மாமா

“வீட்ல ஒரு சர்வர் வைக்கப் போறேன்” என்று மாமா சொன்னதும், “சம்பளம் எவ்வளவு கேக்கறான்?” என்றாள் அத்தை. ஓட்டல் சர்வர் என்று நினைத்துவிட்டாள்.

தெருவுக்கு ஒரு மாமா இப்படி இருக்கிறார். பையன் நண்பர்களோடு மைன்கிராஃப்ட் ஆட வேண்டும் என்பான். மொத்தம் ஐந்து பேர். மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் 4 ஜிபி ராம் ஒதுக்கினால் ஓடிவிடும். மாமாவுக்கோ ‘போதும்’ என்பது கெட்ட வார்த்தை. “நாளைக்கு ஐம்பது பேர் வந்தா?” என்பார். தங்கை கல்யாணத்தில் மூன்றாம் பந்திக்கு இலை பற்றாமல் போன காயம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்று சனிக்கிழமை ரிச்சி தெருவில் அலைந்து, எந்த ஆபீஸோ கழித்துப் போட்ட டவரை ஆட்டோவில் ஏற்றி வந்தார். இரண்டு ஸியான், ஆளுக்கு 14 கோர். இந்த விளையாட்டோ நொடிக்கு 20 தடவை உலகத்தை நகர்த்தும் வேலையைப் பெரும்பாலும் ஒரே கோர் தலையில் கட்டுகிறது. ஒரு சமையல்காரர் அடுப்படியில் வேக, 27 சம்பந்திகள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற கதைதான். சொல்லிப் பார்த்தேன். “ஈசிசி ராம்டா!” என்றார். வாதத்தில் தோற்கும்போதெல்லாம் அவர் அதைத்தான் சொல்வார்.

திங்கள் உபுண்டு, புதன் டெபியன், வெள்ளி ப்ராக்ஸ்மாக்ஸ் என்று சிஸ்டத்தை மாற்றி மாற்றிப் போட்டார். ஜாவா பழசு என்று மைன்கிராஃப்ட் முரண்டு பிடித்தது, ஜாவா 21 போட்டார். அப்போதும் எழும்பவில்லை. ராத்திரி ஒரு மணி வரை கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். உரிம ஒப்பந்தக் கோப்பில் ‘ஃபால்ஸ்’ என்றிருப்பதை ‘ட்ரூ’ ஆக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த பையன் மாற்றிவிட்டுப் போனான்.

ரவுட்டரில் 25565 போர்ட்டைத் திறந்தும் பையனின் மதுரை நண்பனால் நுழைய முடியவில்லை. நெட் கம்பெனிக்காரர் பல வீட்டுக்கும் சேர்த்து ஒரே கதவு எண் கொடுத்திருந்தார். தனி எண்ணுக்குத் தனிக் காசு. மாமா அதையும் கட்டினார்.

போன வாரம் போயிருந்தேன். டவர் போடும் இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி சீரியலை அலறவிட்டிருந்தாள் அத்தை. கரண்ட் பில்லை இப்போது ‘சர்வர் சம்பளம்’ என்றே சொல்கிறாள். கூடத்தில் பையன் பழைய லேப்டாப்பில் ஆட்டத்தைத் திறந்துவைக்க, நண்பர்கள் வீட்டு வைஃபையிலேயே சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மாமா பெருமையாகத் தன் திரையைக் காட்டினார். அதில் ஆட்கள்: 0/20.