இரட்டைக் கதவும் திணை வழுவும்: பெட்டி தள்ளுதல் பற்றி ஓர் ஆய்வு

பெட்டி தள்ளும் கணினி விளையாட்டுக்கு மூல சூத்திரம் ஒன்றே: 'தள்ளுக, இழுக்கற்க, இரண்டை ஒருங்கே தள்ளற்க.'

இதன் பொருள்: பெட்டியைப் பின்னின்று ஒவ்வொரு கட்டமாக நகர்த்தலாம், பிடித்து இழுத்தல் ஆகாது, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இரண்டை ஒரே மூச்சில் தள்ளலும் ஆகாது என்றவாறு. 'இழுக்கற்க' எனவே, மூலைக்குப் போன பெட்டி மீளாது என்பதும் பெறப்படும். இழுக்க விட்டுப் பாருங்கள், மிஞ்சுவது வெறும் சுமைகூலி வேலைதான்.

சூத்திரம் என்னுடையது; விதி ஹிரோயுகி இமாபயாஷியுடையது. அவருடைய சொக்கோபான் 1982இல் ஜப்பானில் வெளிவந்தது. 1997இல் ஜோசப் கல்பர்சன் இதை 'பி-ஸ்பேஸ் முழுமை' என்று நிறுவினார். அதாவது, கட்டங்கள் பெருகப் பெருக, ஒரு புதிருக்கு விடை உண்டா இல்லையா என்று சட்டெனச் சொல்லும் பொதுவழி இன்றுவரை எவர் கையிலும் இல்லை. அக்கா மகளை மடக்க ஒரு புதிர் செய்ய நினைத்திருந்த எனக்கு இது பெரிய தெம்பு. கணினியே திணறும் துறையில் அக்கா மகள் எம்மாத்திரம்?

ஸ்டீபன் லவெல் 2013இல் இலவசமாகத் தந்த பஸில்ஸ்கிரிப்ட் என்ற புதிர் அமைக்கும் கருவியில் மூன்று இரவு உட்கார்ந்து ஒரு புதிர் அமைத்தேன். பெட்டி இரண்டு, அவை சேர வேண்டிய இடங்கள் கதவுக்கு அப்பால். வெளியே ஒரு மிதிபலகை: அதில் பெட்டி இருந்தால் கதவு திறக்கும், எடுத்தால் மூடும். உள்ளேயும் ஒரு மிதிபலகையை ஒளித்து வைத்தேன். முதலில் போகும் பெட்டி அதில் ஏறிக் கதவைத் தாங்க, மற்றது பின்னால் வர வேண்டும். இதுவே என் கருதுகோள். கதவு, நம் வீட்டுத் தலைவாசல் போல, இரட்டைக் கதவு. ஆள் நசுங்கிவிடக் கூடாதே என்ற இரக்கத்தில், 'வாசலில் ஏதேனும் நின்றால் கதவு மூடாது' என்று ஒரு விதியும் சேர்த்தேன்.

அக்கா மகளுக்கு வயது ஒன்பது. ஒரு பெட்டியை மிதிபலகையில் ஏற்றினாள். மற்றதை வாசலில் பாதி மறிக்கும்படி நிறுத்தினாள். திரும்பிப் போய் முதல் பெட்டியை மறுபாதி வழியாகத் தள்ளிக்கொண்டு போனாள். ஒளித்து வைத்த மிதிபலகையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இது முறையில்லை" என்றேன்.

"ஏன் மாமா, காத்துல கதவு அடிச்சிக்கக் கூடாதுன்னு ஆச்சி அம்மிக்குழவிய முட்டுக் கொடுப்பாங்கல்ல? அதேதான்."

பிழை அவளுடையதன்று. நான் ஆளையும் பெட்டியையும் ஒரே பெயரில் சேர்த்துக் கட்டியிருந்தேன். 'யாரேனும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஏதேனும்'. உயர்திணையையும் அஃறிணையையும் கலந்த திணை வழு. இலக்கண வகுப்பில் இதற்குப் போனது அரை மதிப்பெண். இங்கே மூன்று இரவு.

உடனே 'யாரேனும்' என்று திருத்தினேன். ஆனால் இந்தக் கருவியில் ஓர் அடுக்குக்கு ஓரிடத்தில் ஒரு பொருள்தான். பின்னால் வருவது முன்னிருந்ததை அழித்துவிடும். பெட்டியையும் கதவையும் ஒரே அடுக்கில் வைத்திருந்தது நினைவில் இல்லை. அவள் மறுபடியும் வாசலில் பெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய், மற்றதை மிதிபலகையிலிருந்து தள்ளினாள். கதவு மூடிற்று.

"மாமா, பெட்டி எங்க?"