பூசை முடிந்தது, பட்டறையைத் திறக்கலாமா?

வெல்டிங் பட்டறை உரிமையாளர், திண்டுக்கல்: காலை ஆறு மணிப் பூசை கண்டுவிட்டுத்தான் ஒன்பது மணிக்குப் பட்டறையைத் திறக்கிறேன். இருந்தாலும் ஞாயிறு வேலை பாவம் என்று மாமியார் விடாமல் சொல்கிறார். உண்மையா?

மாமியார் படித்த சட்டத்துக்கு வயதாகிவிட்டது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஞாயிற்றுக்கிழமையும் கடன் திருநாளிலும் உடம்பு வருந்திச் செய்கிற ஊழியம் கூடாது, கோர்ட் வழக்கு கூடாது, பொதுச் சந்தை கூடாது என்று பட்டியல் போட்டது. அந்தக் கணக்கில் ராடைக் கையில் எடுத்ததுமே நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். 1983இல் வந்த புதுத் தொகுப்பு வேலையின் ஜாதியைப் பார்ப்பதை விட்டுவிட்டது. அதன் 1247ஆம் எண் கேட்பது வேறு: இந்த வேலை உங்கள் வழிபாட்டைத் தடுக்கிறதா, ஆண்டவருடைய நாளுக்குரிய மகிழ்ச்சியைக் கெடுக்கிறதா, மனசுக்கும் உடம்புக்கும் வேண்டிய ஓய்வைப் பறிக்கிறதா? கட்டாயம் இல்லாமல் வாராவாரம் இப்படித் தடுக்க விட்டால் தப்புதான். குடும்பத்துக்கு உண்மையிலேயே தேவை இருந்தால் விலக்கு உண்டு என்று மறைக்கல்வி நூலின் 2185ஆம் பத்தி சொல்கிறது. ஆனால் விலக்கே வழக்கமாகிவிடக் கூடாது என்று கூடவே எச்சரிக்கிறது.

சரி, நீங்கள் பூசை கண்டுவிட்டீர்கள். பட்டறையில் கிரில் அறுக்கிற பையன்கள் கண்டார்களா? அவர்களுக்கு வாரத்தில் எந்த நாள் லீவு? உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாமியார் அடுத்த முறை ஆரம்பித்தால் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஐ.டி. ஊழியர், சென்னை: நான் செய்வது உடலுழைப்பு இல்லையே, லேப்டாப் வேலைதானே?

பழைய சட்டம் இருந்திருந்தால் உங்களுக்குக் கொண்டாட்டம். செருப்புத் தைத்தவருக்குப் பாவம், கணக்கு எழுதியவருக்குப் பாவமில்லை. படிப்பு, எழுத்து, இசை எல்லாம் அப்போது அனுமதிக்கப்பட்டவை. படம் வரைவது எந்தப் பக்கம் சேரும் என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தையல் எத்தனை மணி நேரம் தாண்டினால் அற்பப் பாவம் சாவான பாவமாகும் என்பதற்கு இரண்டு மணி, இரண்டரை, மூன்று என்று ஆளாளுக்கு ஒரு கடிகாரம் வைத்திருந்தார்கள்.

இன்றைய சட்டத்தில்தான் உங்கள் பாடு திண்டாட்டம். கொத்தனார் ஞாயிறன்று கரண்டியைக் கீழே வைத்தால் வைத்ததுதான். உங்களுக்குப் பிரசங்கத்தின் நடுவே சட்டைப் பையில் போன் துடிக்கிறது, நற்கருணை வாங்கப் போகும் வரிசையில் மேனேஜருக்குக் கட்டைவிரல் காட்டுகிறீர்கள். உடம்பு கோயிலில், ஆள் ஆபீஸில். 1247 சொல்கிற மூன்று தடைகளும் ஒரே கருவியில் வந்து இறங்கியிருக்கின்றன.

செவிலியர், தஞ்சாவூர்: சனி இரவு டியூட்டி முடிந்து ஞாயிறு காலை வீட்டுக்கு வந்தால் கண் சொருகுகிறது. பூசை தவறுகிறது. ஒவ்வொரு முறையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் அதை நிறுத்துங்கள், சகோதரி. செய்யாத பாவத்தைச் சொல்லி ஃபாதரின் நேரத்தையும் எடுக்காதீர்கள். கிணற்றில் விழுந்த மாட்டை ஓய்வுநாள் என்று பார்த்துக்கொண்டா நிற்பீர்கள் என்று பரிசேயரை மடக்கியவர் இயேசு. உங்கள் வார்டில் கிடப்பது மாடு அல்ல.

உங்களைப் போன்றவர்களுக்குத் தெரியாமலே கிடக்கிற இரண்டு வசதிகள் உண்டு. சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலே ஞாயிற்றுக் கடமை தீர்ந்தது, 1248ஆம் எண். எந்தப் பங்கிலும், எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையிலும் காணலாம். அடுத்தது 1245ஆம் எண்: நியாயமான காரணம் இருந்தால், தனிப்பட்ட ஆளுக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்குக் கொடுக்கவோ, அதற்குப் பதில் வேறொரு பக்திச் செயலைச் சொல்லவோ பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. ரோமாபுரிக்கு எழுத வேண்டியதில்லை. டியூட்டி சார்ட்டோடு போய்ப் பேசுங்கள்.

பட்டதாரி, விருதுநகர்: அரசுத் தேர்வை ஞாயிறன்று வைக்கிறார்களே?

பரீட்சை ஹாலுக்குப் போவது பாவமல்ல. முந்தின நாள் மாலையோ அன்று சாயங்காலமோ பூசைக்குப் போங்கள். படிக்காமல் போவதைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

மீனவர், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை: எங்கள் ஊரில் ஞாயிறு கடலுக்குப் போனால் அபராதம். சாளை என்ன, கிழமை பார்த்தா வருகிறது?

உங்களுக்கு முன்னால் நார்வேக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டருக்கு த்ரோன்ஹைம் பேராயரிடமிருந்து இந்தச் சிக்கல் வந்தது. ஹெர்ரிங் மீன், நம் சாளைக்குச் சொந்தக்கார மீன், கூட்டமாகக் கரைப்பக்கம் ஒதுங்கும். இன்று விட்டால் நாளை இருக்காது. திருத்தந்தை பதில் எழுதினார்: பெருந்திருநாள்களைத் தவிர மற்ற ஞாயிறுகளில் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் மீன்பாட்டில் தகுந்த ஒரு பங்கு அக்கம்பக்கத்துக் கோயில்களுக்கும் ஏழைகளுக்கும் போக வேண்டும். அந்தப் பதில் பிற்பாடு திருச்சபைச் சட்டத் திரட்டிலேயே ஏறிவிட்டது. ஆகவே சாளைக்காகக் கடலில் இறங்கியவன் நரகத்துக்குப் போவான் என்று எவரும் உங்களைப் பயமுறுத்த முடியாது.

இதைப் படித்துவிட்டு ஊர்க் கமிட்டியிடம் அலெக்சாண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். பாவம் ஒரு கணக்கு, அபராதம் இன்னொரு கணக்கு. ஒரு வள்ளம் இறங்கினால் அடுத்த வள்ளமும் இறங்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை கரையில் விலை போச்சு. சொந்த வள்ளம் உள்ளவன் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பான். கூலிக்குப் போகிறவன் முதலாளி கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்வானா? எல்லோருக்கும் சேர்த்து ஊர் தடை போட்டால்தான் அவனுக்கு ஒரு நாள் கிடைக்கும். அந்த அபராதம் உங்களைத் தடுக்கப் போட்டது என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ அவனைக் காப்பாற்றப் போட்டதாகத்தான் தெரிகிறது.

தொழில்நுட்பப் பணியாளர், பெங்களூரு: யூடியூபில் பூசை பார்த்தால் கடமை தீருமா?

கல்யாண வீடியோ பார்த்துவிட்டு மொய் எழுதியதாகச் சொல்ல முடியுமா? தீராது. படுக்கையில் கிடப்பவருக்கு அது ஆறுதல். அவருக்குத்தான் முதலிலேயே கடமை இல்லையே.

இல்லத்தரசி, தூத்துக்குடி: ஞாயிறு வேலை பாவம் என்றால் முதல் பாவி நான்தான். வாரத்தில் அதிக வேலை எனக்கு அன்றுதான். இதற்கு என்ன சட்டம்?

சட்டம் உங்களுக்கு எப்போதோ பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டது. 538இல் பிரான்சின் ஓர்லியான் நகரில் கூடிய சங்கம், ஞாயிறன்று சமைக்கக் கூடாது, வீடு பெருக்கக் கூடாது, மாடு குதிரை பூட்டிப் பயணம் போகக் கூடாது என்பதெல்லாம் கிறிஸ்தவ வழக்கமே அல்ல என்று தள்ளிவிட்டு, ஜனங்கள் கோயிலுக்கு வர வேண்டுமே என்பதற்காக உழவு, திராட்சைத் தோட்ட வேலை போன்ற வயல் வேலைகளை மட்டும் தடுத்தது. ஏர் பிடித்தவருக்கு லீவு, கரண்டி பிடித்தவருக்கு அனுமதி. கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதைவிட வேடிக்கை கட்டளையிலேயே இருக்கிறது. ஓய்வுநாளில் யாரெல்லாம் வேலை செய்யக் கூடாது என்று விடுதலைப் பயண நூலும் இணைச்சட்ட நூலும் பேர் சொல்லி வரிசைப்படுத்துகின்றன. நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியன். இணைச்சட்டத்தில் கழுதைகூட உண்டு. மனைவியைக் காணோம். 'நீ' என்பதில் மனைவியும் அடக்கம் என்று அறிஞர்கள் விளக்குவார்கள். அடக்கம் என்பது சரிதான், அடங்கித்தான் இருக்கிறாள்.

ஆறு மணிப் பூசைக்கு அவசரமாக ஓடுவது யார்? வந்ததும் கறியை மஞ்சள் போட்டு அலசி, பூண்டு உரித்து, தேங்காய் துருவி, மிக்ஸியில் மசாலா அரைத்து, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே சின்னவனின் யூனிஃபார்மை ஊறவைப்பது யார்? எட்டரை மணிப் பூசைக்குச் சாவகாசமாகப் போய், வாசலில் நாலு பேரிடம் அரசியல் பேசிவிட்டு வந்து, "இன்னும் ஆகலையா?" என்று கேட்பது யார்? கேட்கிறவருக்குத்தான் இந்தப் பதில். மறைக்கல்வி நூலின் 2187ஆம் பத்தி, அடுத்தவர் ஆண்டவருடைய நாளைக் கொண்டாட முடியாதபடி தேவையில்லாமல் அவரிடம் வேலை வாங்காதே என்கிறது. அடுத்தவர் என்றால் அடுத்த தெருக்காரர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐயா, பூண்டாவது உரியுங்கள்.

லாட்ஜ் மேலாளர், கொடைக்கானல்: சனி ஞாயிறுதான் எங்களுக்குச் சீசனே. என்ன செய்ய?

தர்மசங்கடமான ஊரில் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் சலேத் மாதா கோயில் இருக்கிறதே, அந்த மாதா 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் மலைக்கிராமத்தில் மெலனி, மாக்ஸிமின் என்ற இரண்டு மேய்ப்புப் பிள்ளைகளுக்குக் காட்சி கொடுத்தபோது, அழுதுகொண்டே வைத்த முதல் புகார்களில் ஒன்று ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமையை மதிக்காமல் வேலை செய்வதைப் பற்றியதுதான். அந்த மாதா குடிகொண்ட மலையில் இன்று ஞாயிறன்றுதான் ரூம் கிடைப்பதில்லை.

பயணிக்குச் சோறும் படுக்கையும் கொடுப்பது என்றைக்கும் விலக்குப் பெற்ற வேலை. லாட்ஜை மூட வேண்டாம். ரூம் பையனும் சமையல்காரரும் பூசைக்குப் போய்வர இரண்டு மணி நேரம் ஷிப்டில் ஒதுக்குங்கள், வாரத்தில் ஒரு முழு நாள் விடுங்கள். ஞாயிறு காலை கோயிலுக்குப் போகாமல் படகுத் துறையில் க்யூவில் நிற்கிற கத்தோலிக்க விருந்தாளியின் கணக்கு அவருடையது.

ஜவுளிக்கடை விற்பனையாளர், மதுரை: ஞாயிறு லீவு கேட்டால் வேலையே போய்விடும். நான் பாவியா?

இல்லை. போகிற இடமில்லாதவரைப் பாவி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சனி மாலையோ, முடிந்த வேறொரு நேரமோ பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் முடியாததற்கு யாரும் பொறுப்பில்லை.

ஆனால் உங்கள் முதலாளி கத்தோலிக்கராக இருந்தால் அவரோடு எனக்குப் பேச்சு இருக்கிறது. இந்த நாட்டில் ஞாயிறு லீவு வெள்ளைக்காரன் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. பம்பாய் மில் தொழிலாளர்களைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் கேட்டு, 1890 ஜூனில் மில் முதலாளிகளிடமிருந்து அதை வாங்கியவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. ஜோதிராவ் பூலேயின் தோழர், கிறிஸ்தவரல்ல. ஞாயிறு கண்டோபா சாமிக்கு உகந்த நாள் என்பதும் அவர் தரப்பு நியாயங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு, 1891 மே மாதம், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடலில் ஞாயிற்று ஓய்வை வலியுறுத்தினார். பம்பாய் மில் முதலாளி வழிக்கு வந்துவிட்டார். சுற்றுமடலைக் கையில் வைத்திருக்கிற நம் ஆள் இன்னும் வரவில்லை. தொழிற்சாலைச் சட்டம் 1948கூட ஞாயிறன்று வேலை வாங்கினால் அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் மாற்று லீவு கொடு என்றது.

சபைப் பாகுபாடு பார்க்காதவர், நாகர்கோவில்: கடவுள் ஓய்வெடுத்தது சனிக்கிழமை. நீங்கள் ஞாயிறைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே?

சனி படைப்பின் நாள், ஞாயிறு உயிர்ப்பின் நாள். கத்தோலிக்கர் கூடுவது உயிர்ப்புக்காக. இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று: ஞாயிறு பூசை மூத்தது, ஞாயிறு லீவு இளையது. ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலை நாள். விடியுமுன் கூடிவிட்டு அவரவர் வேலைக்கு ஓடினார்கள். 304இல் வட ஆப்பிரிக்காவின் அபிட்டினே ஊர்க்காரர்கள் 49 பேர், தடையை மீறி ஞாயிறு கூடியதற்காகவே பிடிபட்டு உயிரை விட்டார்கள். கான்ஸ்டன்டைன் பேரரசர் நகரத்து நீதிமன்றங்களுக்கும் கைத்தொழிலாளருக்கும் ஞாயிறு விடுமுறை விட்டது 321இல்தான். அப்போதும் விவசாயிக்கு விலக்கு. பருவம் தவறினால் சோறு போய்விடும் என்று அரசருக்கே தெரிந்திருந்தது.

குவைத் வாசகர்: இங்கே ஞாயிறு வேலை நாள். வெள்ளிக்கிழமைதான் பூசைக்குப் போக முடிகிறது.

உங்கள் ஊர்க் கோயில்களில் ஞாயிற்று வாசகங்களோடு வெள்ளிக்கிழமையே பூசை வைப்பது உங்களுக்காகத்தான். அபிட்டினேக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

பீடச்சிறுவன், எட்டாம் வகுப்பு, திருச்சி: ஃபாதர் ஞாயிறன்று மூன்று பூசை வைக்கிறார். அவருக்குப் பாவம் இல்லையா?

சபாஷ். இதே விஷயத்தை மத்தேயு நற்செய்தியில் இயேசுவே எடுக்கிறார்: கோயிலில் குருக்கள் ஓய்வுநாளை மீறியும் குற்றமற்றவர்களாக இருக்கிறார்களே என்கிறார். திங்கட்கிழமை மதியம் ஃபாதர் தூங்கும்போது மட்டும் போய் பெல் அடிக்காதே.

பங்குப் பேரவை உறுப்பினர், ஊர் வேண்டாம்: ஞாயிறு பூசை முடிந்ததும் பேரவைக் கூட்டம் போட்டு இரண்டரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். பழைய கணக்கில் இது சாவான பாவம் ஆகிவிடாதா?

வாயால் செய்கிற வேலை பழைய கணக்கில் வராது. புதுக் கணக்கில் வரும்: மகிழ்ச்சிக்கும் தடை, ஓய்வுக்கும் தடை. 1247ஐ மேற்கோள் காட்டித் தீர்மானம் கொண்டுவாருங்கள். அந்தத் தீர்மானத்தை விவாதிக்க அடுத்த ஞாயிறு கூட்டம் கூடும்.