காவிரிக்கு மேலே

கேள்வி: முதன்முதலாக விமானம் ஏறிய அனுபவம் நினைவிருக்கிறதா? (வாசகர், தேனி)

பதில்: மறக்குமா! கல்லூரி முடித்து வேலையில் சேரத் திருச்சியிலிருந்து சென்னைக்குப் பறந்தேன். ஜன்னலோர இருக்கை. கீழே காவிரி ஒரு பக்கம், கொள்ளிடம் மறுபக்கம், நடுவே கோபுரங்களோடு ஸ்ரீரங்கம். பிறந்து வளர்ந்த ஊர் ஒரு தீவு என்பதைப் பார்க்க ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது!

சற்று நேரத்தில் காது அடைத்தது. பணிப்பெண் மிட்டாய் நீட்டினார். விழுங்கும்போது தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் திறந்து அழுத்தம் சமமாகிவிடும், அருமையான வைத்தியம். இன்னொரு அதிசயம் கேளுங்கள்: ஜெட் விமானம் 30,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு உரியதுதான். ஏறக்குறைய கொடைக்கானல்! மலைப்பாதை வளைவுகள் இல்லாமல் கொடைக்கானல் ஏறி, நேரே மீனம்பாக்கத்தில் இறங்கலாம்.