எங்கள் வீட்டு விரிசல்கள் சார்பாக

பெறுநர்: பக்கத்து மனையை இடித்துக் கட்டவிருக்கும் நிறுவனத்தின் கட்டட நிலை ஆய்வுப் பிரிவு.

ஐயா,

இடிக்கும் முன் அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே பெரிது. மேற்கு மாம்பலத்தில் பல பேருக்கு அதுகூடத் தோன்றுவதில்லை.

நீங்கள் அனுப்பிய தம்பி நல்ல பிள்ளை. சமையலறை ஜன்னலுக்கு மேலே ஓடும் விரிசலைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு பிரகாசம். செல்போனில் படமெடுத்துத் தள்ளினார். பக்கத்தில் ஸ்கேல் வைக்கவில்லை; அது முடியளவா, விரல் நுழையுமா என்பதைப் பிறகு உங்கள் வசதிப்படி முடிவு செய்துகொள்ளலாம்.

கூடத்துச் சுவரை எடுக்கவில்லையே என்றேன்.

“அதுல ஒண்ணுமே இல்லையே சார்.”

அதனால்தானே எடுக்கச் சொல்கிறேன்! நாளைக்கு அங்கே பிளவு விட்டால், இன்று அது இல்லை என்று யார் சாட்சி சொல்வது?

அறிக்கையில் ‘வீடு முழுவதும் பழைய விரிசல்கள் உள்ளன’ என்று ஒரே வரி. பிறக்கப்போகும் பிள்ளைக்கும் சேர்த்து இன்றே ரேஷன் கார்டில் பெயர் எழுதிவிட்டீர்கள். கீழே என் கையெழுத்து வேண்டுமாம். நகல் கேட்டால், “அது ஆபீஸ் காப்பி சார்.”

இங்கிலாந்தில் இப்படிப் பக்கத்து வீட்டை ஒட்டிக் கட்டுவதற்கென்றே 1996-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் தனக்கென ஒரு சர்வேயரை வைத்துக்கொள்ளலாம். நியாயமான கட்டணத்தைப் பெரும்பாலும் கட்டுகிறவரே கொடுக்க வேண்டும். ஜெர்மனியின் தரவிதி, குறைந்த அதிர்வெண்ணில் வீட்டு அஸ்திவாரம் விநாடிக்கு 5 மில்லிமீட்டர் வேகம் வரைதான் அதிரலாம் என்கிறது. நம் தெருவில் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் ஓடும்போது அலமாரிப் பாத்திரங்கள்தான் அளவுகருவி. இதெல்லாம் வேண்டாம், விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பழைய மேஸ்திரிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

2019-இல் கொல்கத்தா பௌபஜாரில் மெட்ரோ சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து, மேலே இருந்த வீடுகள் சரிந்தன. 2022-இல் அதே இடத்தில் மறுபடியும் விரிசல். அவர்கள் அளவுக்கு நீங்கள் ஆழமாகத் தோண்டப்போவதில்லை என்று தெரியும். கார் நிறுத்தத் தரைக்குக் கீழே ஒரு தளம் மட்டும்தான், அதுவும் எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி.

ஸ்கேலோடு, தேதியோடு, நல்ல சுவர்களையும் சேர்த்துப் படமெடுத்து ஒரு நகல் தாருங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
காம்பவுண்டுக்கு இந்தப் பக்கத்துக்காரன்

பி.கு.: மாடிப்படிக்கு அடியில் உள்ள விரிசலைத் தம்பி கவனிக்கவில்லை. அது 2015 வெள்ளத்தில் வந்தது. உங்கள் கணக்கில் சேர்க்க மாட்டோம்.